ஆடிக்கூழும் ஆட்சிமாற்றமும்: சோமசுந்தரப் புலவரின் பாட்டொன்றை வன்னியிலிருந்து நோக்கல்

ஈழத்திலே தமிழ்வழிக் கல்வி பெற்றவருள் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாதார் அரியர். கீழ்வகுப்பில் மனனஞ் செய்து, தமிழ்த்தினப் போட்டியிலே ஒப்புவித்து, அதன்பின் திறனாய்வுக்குரிய பொருளாக ஒருநாளும் கருதாது விட்டுவிட்ட பாட்டு அது. 1878இல் பிறந்து 1953இல் மறைந்த புலவர் சிறுவர்க்கெனப் பாடியவற்றுள், தாடி அறுந்த வேடன், கத்தரித்தோட்டத்து வெருளி என்பவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதற்கு மேல் அதற்கு நாம் இடங்கொடுப்பதில்லை. நானும் அவ்வாறே கடந்து போயிருப்பேன். 2022ஆம் ஆண்டு யூலை மாதத்து வாரமொன்றிலே, முள்ளியவளையில் எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நின்று அப்பாட்டை மீண்டுங் கேட்கும்படி நேர்ந்ததே இக்கட்டுரை எழுவதற்குக் காரணமாயிற்று.

அவ்வாரத்து நிகழ்ச்சிகளை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். யூலை 9ஆம் நாள் மக்கள் திரள் கொழும்பிலே சனாதிபதி மாளிகையினுட் புகுந்தது. அன்றிரவு பிரதமரின் சொந்த வீடு எரிந்தது. சனாதிபதி 13ஆம் நாள் பதவி விலகுவார் எனச் சபாநாயகர் அறிவித்தார். 13ஆம் நாள் விடியுமுன் கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குச் சென்றார். மறுநாள் சிங்கப்பூரை அடைந்து அங்கிருந்து விலகற் கடிதத்தை அனுப்பினார். 15ஆம் நாள் அது ஏற்கப்பட்டது. 20ஆம் நாள் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவுசெய்தது. இந்தப் பதினொரு நாள்களின் நடுவே, 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம் பிறந்தது.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்து வீட்டிலிருந்தேன். மண்ணெண்ணெய் இல்லாமையால் முல்லைத்தீவுக் கரையிலே படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெற்றோல் நிலையத்து வரிசையிலே மோட்டார்ச் சைக்கிள்கள் மனிதரின்றித் தாமே நின்றன. உடையவர்கள் நிழல் தேடிப் போய்விட்டிருந்தனர். துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களுக்கு எல்லாம் எண்ணெய் பூசப்பட்டது. சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு பற்றித் தெற்கத்திச் செய்திகள் ஓயாது கூறின. எங்கள் ஊரிலே பெரும்பாலான அடுப்புகள் விறகடுப்புகளே ஆதலின், அந்த ஒரு துன்பம் எங்களைக் கேளாமலே கடந்து சென்றது. அம்மம்மா மின்வெட்டு நேரத்திலே போத்தல் விளக்கொன்றைச் செய்து காட்டினார். தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலும் பருத்தித் திரியும் கொண்டு இரவைப் போக்கிய தலைமுறை அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும், சொட்டுப் பெற்றோலிலே உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்களும், பனம்பழத்தாற் சீலை தோய்த்தவர்களும் எங்கள் ஒழுங்கையிலே இன்னும் இருக்கின்றனர். தெற்கு 2022இற் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடத்தை அவர்கள் பழைய கொப்பியைப் புரட்டுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தனர். இதிலே ஒருவகைப் பெருமிதம் அவர்களுக்கு இருந்ததென்றும், அது அவ்வளவு அழகான பெருமிதம் அன்றென்றும் கூறவேண்டும்.

ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் அம்மா பச்சையரிசியை ஊறப்போட்டார். கொழும்பிலே வேலை செய்த கடை பூட்டப்பட்டதனால் ஊர் திரும்பியிருந்த மாமா முற்றத்திலே இருந்து தொலைபேசியிற் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், உரல் எடுக்கப்படுவதைக் கண்டதும் சினந்தார்.

“நாடு கிடக்கிற கிடைக்கு உங்களுக்குக் கூழ் கேக்குதோ பிள்ளை?”

“அண்ணை, கதையைப் பிறகு கதைப்பம். விடிய எழும்பினவுடனை உந்தப் பலாவிலையிலை கொஞ்சம் பொறுக்கித் தாங்கோவன்.”

மாமா மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அவருடைய வினாவை அம்மாவைப்போல எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. இன்று பல்கலைக்கழகத்திலே திறனாய்வுக் கொள்கைகளைக் கற்கும்போது அவ்வினாவையே வேறு சொற்களில் மீண்டும் மீண்டும் சந்திக்கின்றேன். பேராசிரியர்கள் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் ஈழத்தில் வளர்த்தெடுத்த சமுதாய நோக்குடைய திறனாய்வு நமக்கு ஓர் அளவுகோலைத் தந்தது: மக்கள் இடருறும் காலத்திலே இலக்கியம் எதைப் பாடுகிறது, எதைப் பாடாது விடுகிறது என்று கேட்கும் அளவுகோல். அக்கேள்வியால் நம் இலக்கியம் பெற்ற வலிமை பெரிது. ஆயினும் அதனைக் கற்றுக்குட்டிகளாகிய நாம் கையாளும்போது, இடரைப் பாடுவது இலக்கியம், இன்பத்தைப் பாடுவது தப்பித்தல் என்ற வாய்பாடாக அது சுருங்கிவிடுகின்றது. கூழைப் பாடிய சோமசுந்தரப் புலவர் இவ்வாய்பாட்டின்படி தப்பித்தவர் ஆவார். அது சரிதானா என்று காண்பதற்குப் பாட்டையே எடுத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவதாகக் கருதத்தக்கது, அப்பாட்டு ஏறத்தாழ முழுவதும் ஒரு சமையற் குறிப்பு என்பதாகும். பயறு வறுக்கப்படுகிறது, அரிசி இடிக்கப்பட்டுத் தெள்ளப்படுகிறது, மா வறுபடுகிறது, தேங்காய் உடைபட்டுத் துருவப்படுகிறது, கொழுக்கட்டை அவிகிறது, பனங்கட்டி கரைகிறது, மா துழாவப்படுகிறது. இன்பத்தைப் பற்றிய பொதுச்சொற்கள் தொடக்கத்திலே ஓரிரண்டு வருவதோடு சரி; ஏனைய இடமெல்லாம் வினைச்சொற்களே நிரம்பியுள்ளன. மகிழ்ச்சி என்பது ஓர் உணர்ச்சியாகக் கூறப்படாமல் ஒரு வேலையாகக் காட்டப்படுகிறது. அவ்வேலையைச் செய்பவள் தாய். பிள்ளைகள் செய்வது இலை பொறுக்குவதும் கோலிக்கொள்வதும் குடிப்பதும் மாத்திரமே. புலவர் இதனை உணர்ந்து பாடினாரோ உணராது பாடினாரோ அறியேன். ஆனால் பண்டிகையின் மகிழ்ச்சி யாருடைய தோள்மீது இறக்கப்படுகிறது என்பதற்கு இப்பாட்டைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அம்மா உரலிடித்த அவ்விரவிலே வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாட்டைப் பாடவில்லை. பாடியது திண்ணையிலிருந்த தங்கை.

இரண்டாவது கருத்து இலக்கணஞ் சார்ந்தது. பாட்டு நிற்பது ஆடிப்பிறப்பு நாளிலன்று. அதற்கு முந்திய நாளிலே. குடிக்கலாம், தின்னலாம், அவிப்பாள், குடிப்போம் என்று எதிர்காலமும் இயல்வுப்பொருளுமாகவே அது நடக்கிறது. ஒருவர் நாவிலும் ஒரு துளி கூழ் இன்னும் படவில்லை. மணத்தை நினைந்து வாயூறுவதே பாட்டின் முழு அநுபவமுமாகும். சிறுவர் பாடல் என்று நாம் ஒதுக்கிய ஒன்றிலே இத்தகைய காலக்கட்டுக்கோப்பு இருப்பது என்னை வியக்கவைத்தது. அந்த வாரத்திலே நாடு முழுவதும் நாளையிலேதான் வாழ்ந்துகொண்டிருந்தது: 13ஆம் நாள் விலகுவார் என்றார்கள், அது 14ஆம் நாளாயிற்று, ஏற்கப்பட்டது 15ஆம் நாள், எரிபொருட் கப்பல் நாளை வரும் என்றார்கள். நாளை என்ற சொல்லை நம்பி ஏமாந்துகொண்டிருந்த மக்களிடையே, சொன்ன நாளிற் சொன்னபடி நடந்த ஒரே காரியம் ஆடிக்கூழாக இருந்தது. இது விளையாட்டாகக் கூறுவதன்று. ஒரு சமுதாயத்திலே நிறைவேறும் வாக்குறுதி ஒன்றாவது எஞ்சியிருக்கவேண்டும். எங்கள் ஊரிலே அதனை அடுக்களை காப்பாற்றியது.

மூன்றாவது கருத்தே எனக்கு மிகுதியாகத் தொல்லை தருவது. பாட்டின் தொடக்கத்திலே பள்ளி விடுமுறையைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் விடுதலை. பிள்ளைகள் ஒருவரையொருவர் விளிக்கும் சொல் தோழர். ஒரு நாள் வகுப்பில்லை என்பதற்கு மேல் முதற்சொல்லிலே அரசியல் எதுவுமில்லை. சேர்ந்து விளையாடுபவர் என்பதற்கு மேல் இரண்டாஞ் சொல்லிலும் இல்லை. ஆனால் அப்பாட்டைப் பாடி வளர்ந்த தலைமுறைகளுக்கு அவ்விரு சொற்களும் எத்துணைப் பாரம் ஏறியவையாயின என்பதை வன்னியிலே விளக்கத் தேவையில்லை. தோழர் என்பதை முதலில் இடதுசாரிகள் எடுத்துக்கொண்டனர். புலவர் மறைந்த அதே 1953ஆம் ஆண்டில், அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து ஓகஸ்ட் 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலிலே அச்சொல் தீவெங்கும் ஒலித்தது. சோற்றின் பொருட்டு நாடு கலங்கியது 2022இலே முதன்முறையன்று. விடுதலை என்ற சொல்லோ எங்கள் பெற்றோரின் காலத்திலே சுவரிலும் ஒலிபெருக்கியிலும் கல்லறையிலும் எழுதப்பட்ட சொல்லாயிற்று. இன்று அப்பாட்டை வாய்விட்டுப் பாடும் நாற்பது வயதினர் எவரும் அச்சொல்லின் மேல் ஒரு கணம் தடுக்காமற் பாடமுடியுமா என்பது ஐயமே.

தங்கைக்கு அத்தடை இல்லை. அவள் 2009இன் பின் பிறந்தவள்; அப்போது நான்காம் வகுப்பு. அவள் வேறு காரணத்தால் அச்சொல்லிலே நின்றுவிட்டாள். எரிபொருள் இல்லாமையால் அம்மாதத் தொடக்கத்திலிருந்தே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. போதாதற்கு ஆடிப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை.

“பள்ளிக்கூடமே இல்லை அண்ணா, பிறகென்ன விடுதலை?” என்று அவள் கேட்டாள்.

புலவரின் சொல்லுக்கு அவள் மூலப்பொருளையே கொண்டாள். அப்பொருளிலும் அது செல்லாதிருப்பதைக் கண்டாள். விடுமுறை இன்பமாவதற்கு வேலைநாள் என்று ஒன்று இருக்கவேண்டும். அரசியற் குழப்பம் சிறுவரிடமிருந்து பறித்துக்கொண்டது பள்ளிக்கூடத்தை மாத்திரமன்று. பள்ளிக்கூடம் இல்லாத நாளின் இனிமையையும் பறித்துக்கொண்டது. எந்தத் தலையங்கத்திலும் நான் காணாத இக்கருத்தை ஒரு சிறுவர் பாட்டு எனக்குக் காட்டியது. இடர்க்கால இலக்கியம் என்று நாம் பட்டியலிடும் நூல்களுள் இதற்கு ஏன் இடமில்லை என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டேன்.

பாட்டிலே குறையில்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. புலவரின் வீடு நிறைந்த வீடு. வேண்டிய அளவு தேங்காய் அங்கே உண்டு, பயறு உண்டு, பனங்கட்டி உண்டு, படைப்பதற்குப் பழமும் இளநீரும் வெற்றிலையும் உண்டு. இல்லாத வீட்டிலே ஆடி எவ்வாறு பிறக்கும் என்பதைப் பாட்டு எண்ணிப் பார்ப்பதில்லை. இது உண்மையான குறை. 2022 யூலையிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 60.8 வீதம் உயர்ந்திருந்தது. எங்கள் ஊர்க் கடையிலே அவ்வீதம் எவ்வாறு உணரப்பட்டதென்றால், பயறு அம்மாவின் கைக்கு எட்டாத பொருளாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அதன் விலை அதற்கு முன்னரே ஏறியிருந்தது. ஆகவே அவ்வருடத்து எங்கள் கூழிலே பயறில்லை. தேங்காய்ப்பால் ஒரு மூடியின் பால். பனங்கட்டியும் உறவினர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து முன்னரே அனுப்பியதில் எஞ்சியிருந்தது. பாட்டை ஒரு கணக்கேடுபோல வைத்துக்கொண்டு, இது உண்டு, இது இல்லை என்று தங்கை சரிபார்த்தாள். நிறைந்த வீட்டின் பாட்டு குறைந்த வீட்டிலே பயன்படுவது இவ்வாறுதான் என எண்ணுகின்றேன்: எவை எவை இல்லாமற் போயின என்பதைத் துல்லியமாக அளப்பதற்கு.

இங்கே தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாட்டை நினைவுகூர்தல் பொருந்தும். எண்வகை மெய்ப்பாடுகளுள் இறுதியாக வைக்கப்பட்ட உவகைக்கு அவர் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களைக் கூறி, அதனை அல்லல் நீத்த உவகை என்று அடைகொடுத்து ஓதினார். துன்பம் ஒழிந்த இடத்திலே தோன்றுவதே உவகை என்பது இதனாற் பெறப்படும். இந்த இலக்கணம் புலவரின் பாட்டுக்குப் பொருந்தும். முள்ளியவளையின் கூழுக்குப் பொருந்துமா? அங்கே அல்லல் நீங்கவில்லை. நீங்கும் என்ற உறுதியும் இல்லை. அல்லல் முற்றத்திலே மாமாவின் உருவிலே அமர்ந்திருக்க, அடுக்களையிலே உவகை துழாவப்பட்டுக்கொண்டிருந்தது. தொல்காப்பியர் விதியிலே பிழை காண்பது என் தகுதிக்கு மேற்பட்டது. ஆயினும் அல்லலோடு உடனுறையும் உவகைக்கு நம் கவிதையியல் இன்னும் பெயரிடவில்லை என்பதையும், நம் வாழ்வு பெரும்பாலும் அவ்விடத்திலேதான் நடக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

அம்மா ஏன் கூழை விடவில்லை என்பதை விளங்கிக்கொள்வதற்கு நாம் கஞ்சியிடத்துச் செல்லவேண்டும். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியின் மக்கள் கரையோரமாகச் சுருங்கிச் சுருங்கி முள்ளிவாய்க்காலை அடைந்தபோது அவர்களைக் காத்தது அரிசியும் நீரும் உப்புமாகிய கஞ்சி. எனக்கு அப்போது ஆறு வயது. வரிசையிலே நின்றதும் ஏந்திய பாத்திரத்தின் சூடும் நினைவிலுண்டு, சுவை நினைவில்லை. பின்னர் செட்டிகுளத்து முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய காலத்திலிருந்து, மே மாதந்தோறும் அக்கஞ்சி நினைவுகூரலாகக் காய்ச்சப்படுகிறது; சிரட்டைகளில் வார்த்துக் கொடுக்கப்படுகிறது. 2022 மே 18ஆம் நாள் காலிமுகத்திடலிலே போராட்டக்காரர்களும் அக்கஞ்சியைப் பகிர்ந்துகொண்டனர் என்பது வரலாற்றிலே குறிக்கத்தக்கது; எங்கள் ஊரார் அதனை நம்பியும் நம்பாமலும் பார்த்தனர்.

கஞ்சிக்கும் கூழுக்கும் அடிப்படை ஒரே தானியமாகும். கூழிலிருந்து பனங்கட்டியை எடுத்துவிடுக, தேங்காய்ப்பாலை எடுத்துவிடுக, பயற்றை எடுத்துவிடுக, இடித்து வறுத்துத் துழாவுவதற்கு வேண்டிய ஆறுதலான மாலைப்பொழுதை எடுத்துவிடுக. எஞ்சுவது கஞ்சி. மே மாதத்திலே சிரட்டையிற் கஞ்சியும் யூலை மாதத்திலே பலாவிலையிற் கூழும் என்று எங்கள் ஆண்டு நடக்கிறது. முன்னதை நாம் அரசியல் என்கின்றோம். ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகின்றோம். பின்னதைப் பண்பாடு என்று கூறிப் பாடப்புத்தகத்துக்கு அனுப்பிவிடுகின்றோம். அம்மாவுக்கு இப்பாகுபாடு இல்லை. கஞ்சியாகச் சுருங்கிய உணவை ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து மீண்டும் கூழாக்கிய பெண் அவர். பயறு இல்லாத ஆண்டிலே கூழையும் விட்டுவிட்டால் எந்தத் திசையிலே ஒரு படி இறங்குகிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆடி என்றால் 1983இன் கலவரத்தையும் எண்ணாதிருக்க முடியாது. தெற்கிலும் மலையகத்திலும் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டங்களிலே பல. அக்குடும்பங்களிலும் ஆடிப்பிறப்பன்று கூழ் உண்டு. மாதம் அவர்களுக்கும் ஒன்றாந் தேதியிலேதான் தொடங்குகிறது.

இவ்வெளிச்சத்திலே வன்னியின் புனைகதைகளையும் மீண்டும் பார்க்கலாம். அ. பாலமனோகரனின் நிலக்கிளி 1973இலே வீரகேசரி வெளியீடாக வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பும் அதனையொட்டிய தமிழ் இளைஞரின் கொந்தளிப்பும் சூழ்ந்த காலம் அது. நாவலிலோ தண்ணிமுறிப்பு என்ற காட்டோரக் கிராமத்தின் உழைப்பும் உணவும், கதிராமனும் பதஞ்சலியும் தந்தையின் எதிர்ப்பை மீறித் தமக்கெனக் குடிசை அமைத்து வாழ்வதும், அவ்வாழ்விலே நேரும் சிக்கலுமே உள்ளன. அரசியல் இல்லாத நாவல் என்று அதனை ஒதுக்குதல் எளிது. ஆனால் 1984இன் இறுதியிலே தண்ணிமுறிப்பு உள்ளிட்ட மணலாற்றுப் பகுதித் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாயின. மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். அதன்பின் அந்நாவல் மாறிவிட்டது. ஒரு வரியும் திருத்தப்படாமலே அது மாறியது. குளக்கட்டும் வயலும் காட்டுத்தேனும் பற்றிய பகுதிகள் உறுதிப் பத்திரம்போல ஆகிவிட்டன: இவ்விடத்தில் இன்னார் இவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு. அரசியலைப் பேசிய அக்காலத்து மேடைப்பேச்சுகளை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. பதஞ்சலியின் குடிசையைப் படிக்கின்றோம்.

பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியைப் பற்றித் தனிக்கட்டுரையே வேண்டும். இங்கே ஒன்று மாத்திரம் கூறலாம். ஒரு மழைக்கால இரவு (1998) தொகுதியிலே இடம்பெயர்ந்தோரின் துயரைச் சொல்லும் அவரே, பச்சை வயல் கனவு (2004) நாவலிலே காடு வெட்டிக் களனியாக்கிய முன்னோரின் கதையையும் சொல்கிறார். இழப்பைச் சொல்பவர் இழந்தது எத்தகையது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற உணர்வு அவரிடம் உண்டு. அது நம் தலைமுறையினரிடத்துக் குறைவு. நம் மலர்களிலே வரும் கவிதைகளைப் புரட்டினால் குருதியும் கண்ணீரும் சிலுவையும் போதியளவு உள்ளன. ஒரு மனிதன் காலையிலே என்ன உண்டான் என்பது இல்லை. முதலாம் வருடத்திலே இத்தகைய கவிதை இரண்டு நானும் எழுதினேன். அவற்றில் இறந்தவர்க்கு முகமில்லை. ஏனெனில் அவர்கள் உயிரோடிருந்தபோது எதை விரும்பினர் என்று நான் கேட்டதில்லை. இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ஆடி வந்தவுடன் வெளிநாடுகளிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் கூழின் பெருமை பேசி எழும் எழுத்துகளிலே அரிசியின் விலையும் இல்லை, இடித்தவளின் கையும் இல்லை. புலவரின் பாட்டை இவற்றோடு வைத்து எண்ணுதல் தகாது. அதிலே கையும் உண்டு, அகப்பையும் உண்டு.

இறுதியாகக் கொழும்பு மாளிகை. யூலை 9ஆம் நாள் உலகெங்கும் சென்ற படங்கள் யாவை? ஆட்சியைக் கைப்பற்றிய மக்கள் என்ன செய்தார்கள்? நீச்சல் தடாகத்திலே குளித்தார்கள்; மெத்தையிற் படுத்துப் பார்த்தார்கள்; அடுத்தடுத்த நாள்களிலே அலரிமாளிகை வளவிலே சமைத்து உண்டார்கள். சிலர் இதனை ஒழுங்கீனம் என்றனர். சிலர் புரட்சி கேளிக்கையாயிற்று என்று வருந்தினர். மாமாவும் அப்படங்களை எங்களுக்குக் காட்டிச் சிரித்தார். கூழுக்குச் சினந்த அதே மாமா. எனக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றின. மாதக்கணக்காக வரிசையிலே நின்ற உடல் முதலிற் கேட்டது குளிர்ந்த நீரையும் ஒரு வாய் சோற்றையுந்தான். வேற்றுமை ஒன்று உண்டு: அங்கே குளித்தவர்களுக்கு அந்த இன்பம் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு நாள் இன்பம், அதனாலேயே படமெடுக்கத்தக்கது. எங்கள் வளவிலே யாரும் படமெடுக்கவில்லை. புலவர் பாடியிராவிட்டால் அதற்குச் சாட்சியே இல்லை.

17ஆம் நாள் காலை மாமா பலாவிலை பொறுக்கினார். தங்கைக்குக் கோலத் தெரியவில்லை; ஈர்க்குக் குத்துவதை அவரே காட்டிக்கொடுத்தார். கூழ் சற்றுத் தண்ணீராக இருந்தது. பயறில்லாத குறையை அம்மம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குத் தூக்குச்சட்டியிலே கொடுத்தனுப்பும்போது அம்மா அதனையே தாமாக முன்கூட்டிச் சொல்லியனுப்பினார். மாமா மூன்று இலை குடித்துவிட்டு, மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வரவில்லை. பிற்பகலிலே ஆடு வேலியோரம் கிடந்த இலைகளைப் பனங்கட்டிப் பசையோடு தின்றுகொண்டிருந்தது. தங்கை அதனருகே குந்தியிருந்து, பாட்டை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள்.